பந்தலுக்கு அடியில் கேட்ட மதிப்பெண்

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அறிக்கை வேலையில் எனக்குப் பின்னால் வந்த உங்களுக்கு அப்படி ஓர் எண்ணம் இருப்பதாகவே தெரியவில்லை. அவ்வப்போது உங்களில் யாராவது ஒரு படத்தை வரைந்து செல்போனில் அனுப்பிவிட்டு, நேரம் இருந்தால் ஒரு பார்வை பாருங்கள் எஸ்தரக்கா என்கிறீர்கள். நேரத்துக்கு என்ன குறைச்சல், பார்க்கிறேன். கடைசியாக வந்தது ஒரு ரேடார் படம். நிறத்தின்மேல் நிறம் ஏறி, திருவிழாக் கடையில் தொங்கும் ரிப்பன் மாதிரி இருந்தது. அதை அனுப்பிய தங்கை கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள். இதில் எது பெரிதாக இருக்கிறதோ அதுதானே நல்லது என்று.

அவளுக்கு ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. அதனால் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

ரேடார் படம் என்ன என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். விரித்த குடையை மேலிருந்து பாருங்கள். நடுவிலிருந்து கம்பிகள் ஓடும். ஒவ்வொரு கம்பியும் ஒரு விஷயம்: விலை, தரம், வேகம் என்று. நாங்கள் அதைக் கை என்போம். மதிப்பெண் கூடினால் புள்ளி வெளியே போகும், குறைந்தால் நடுவுக்கு வரும். புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் ஓர் உருவம் கிடைக்கும். பல இடங்களைப் பல விஷயங்களில் ஒரே தாளில் ஒப்பிடுவதற்கு இதைவிட வசதி கிடையாது. ஏமாறுவதற்கும் கிடையாது.

ஒருமுறை சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு மடிக்கணினியோடு வந்தார். அவருடைய குழாயின் உருவம் முற்றிய கொய்யாப்பழம் மாதிரி உப்பியிருந்தது, மற்ற நிறுவனங்களுடையது சூம்பிக் கிடந்தது. நல்ல மதிப்பெண் வாங்கிய கைகளை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். நான் அவரிடம், கைகளின் வரிசையை மட்டும் மாற்றுங்கள், ஒரு நல்லது ஒரு மட்டம் என்று அடுக்குங்கள் என்றேன். எண் எதையும் தொடவில்லை. கொய்யாப்பழம் நெருஞ்சி முள்ளாகிவிட்டது. மனிதர் டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பினார். அன்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மைதான். இந்த வகைப் படத்தின் தில்லுமுல்லு எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்து வந்தது ஓடைப்பட்டி விவகாரம்.

நான் தேனி கடைவீதியில் ஆணியும் பூட்டும் பெயிண்டும் விற்ற குடும்பத்துப் பெண். கொடியை நறுக்கிவிடும் கவாத்துக் கத்தியைப் பிடிக்கத் தெரியாது. ஆனாலும் கடைசிப் பத்துப் பதினைந்து வருடங்கள் திராட்சையோடுதான் போயின. கம்பம் பக்கத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். விவசாயிகளே பங்குதாரர்கள், அவர்களிலேயே சிலர் இயக்குநர்கள். ஊருக்கு ஊர் கொள்முதல் ஷெட் வைத்திருந்தோம். பழம் அங்கே வரும், தரம் பிரிப்போம், கிரேட் என்கிற பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புவோம். அறிக்கைகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் கையெழுத்து இல்லாமல் எந்த அறிக்கையும் இயக்குநர் கூட்டத்துக்குப் போகாது.

செலவு கையை மீறிப் போகிறது, ஷெட்டுகளில் ஒன்றை மூடலாமா என்று பேச்சு வந்தது. எதை மூடுவது என்று சொல்ல, கோயம்புத்தூரிலிருந்து பிரவீன் என்று ஓர் ஆலோசகரை அழைத்தார்கள். மரியாதையான பிள்ளை, வேலையில் சுத்தம். ஷெட்டுகளை எல்லாம் ஒரே ரேடார் படத்தில் வைத்து அறிக்கை கொடுத்தார். ஆறு கைகள்: ஆண்டு வரத்து, ஷெட் திறந்திருந்த நாட்கள், ஏற்றிய லாரிகள், கழிவு குறைவு, பட்டுவாடா வேகம், உறுப்பினர் திருப்தி. கூடலூர் ஷெட்டின் உருவம் தட்டு மாதிரி நிறைந்து இருந்தது. ஓடைப்பட்டி ஒரு பக்கமாகச் சுருங்கிக் கிடந்தது. ஓடைப்பட்டியை மூடிவிட்டுப் பக்கத்து ஷெட்டோடு சேர்த்துவிடலாம் என்பது பிரவீனின் பரிந்துரை. மறுநாள் கூட்டம். கையெழுத்துக்காக அறிக்கை என் மேசைக்கு வந்தது.

எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒரு பிழை இல்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. பிழை இருந்தால் திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். எண் சரி, கூட்டல் சரி, ஆனால் கையெழுத்துப் போடப் பேனா எடுத்தால் கை போகவில்லை. இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். வரும்போது உங்களை நீங்களே அதட்டி அடக்காதீர்கள். எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள்.

அப்படிப் பார்த்தபோது முதல் மூன்று கைகள் கண்ணில் பட்டன. கூடலூரில் விளைவது பன்னீர் திராட்சை. வருடத்துக்கு மூன்று போகம், ஒரு தோட்டம் ஓய்ந்தால் அடுத்த தோட்டத்தில் வெட்டு. ஷெட் பூட்டிக் கிடப்பதே அபூர்வம். ஓடைப்பட்டியில் விளைவது விதையில்லாத் திராட்சை. வருடத்துக்கு ஒரே வெட்டு. வருடத்தில் சில மாதம் மட்டும் திறக்கிற ஷெட்டுக்கு வரத்து குறைவு, நாள் குறைவு, லாரி குறைவு. மூன்றும் ஒரே விஷயம்தான். ஒரே விஷயத்தை மூன்று கையாக நீட்டி வைத்தால், அது நல்லதாக இருப்பவருக்குப் பாதிப் படம் இலவசமாகக் கிடைத்துவிடும்.

பிரவீனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. மூன்றையும் ஒரே கையாக மாற்றிப் படத்தைத் திரும்ப வரைந்தார். ஓடைப்பட்டியின் உருவம் கொஞ்சம் தேறியது. ஆனால் ஒரு பள்ளம் அப்படியே இருந்தது, உறுப்பினர் திருப்தி. ஐந்துக்கு இரண்டுதான். கூடலூருக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண். பிரவீன் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாகக் கேட்டார்.

"மேடம், அந்த ஊர்க்காரங்களுக்கே பிடிக்காத ஷெட்டை நாம எதுக்கு மேடம் நடத்தணும்?"

கூட்டம் மறுநாள் மாலையில்தான். அன்றைக்கு இன்னும் பொழுது இருந்தது. ஆலோசகரை அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டு, ஜீப்பை எடுக்கச் சொல்லி ஓடைப்பட்டிக்குப் போனேன்.

ஓடைப்பட்டி ஷெட்டின் பொறுப்பாளர் ராஜாத்தி. ஆண்டிபட்டிப் பக்கத்து நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்தவள். ஷெட் வேலைக்காக அதை விட்டுவிட்டு, புருஷனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஓடைப்பட்டியில் வாடகைக்கு வீடு பிடித்து வந்தவள். ஆலையில் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. ஷெட் மூடினால் அவளுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. அவளை நம்பி அவள் தெருவிலிருந்தே பேக்கிங்குக்கு வருகிற பெண்கள் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வருஷத்தில் கையில் பார்க்கிற சம்பளம் இந்த வெட்டுக் காலத்தில் மட்டும்தான். வெட்டு தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன, ஷெட் பூட்டிக் கிடந்தது. நான் வருகிறேன் என்றதும் சாவியோடு வந்து திறந்தாள். உள்ளே தரை துடைத்து, கிரேட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

மூடும் பேச்சை நான் எடுக்கவில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் கம்பத்தில் தும்மினால் சின்னமனூரில் கேட்கும். அவளுக்குத் தெரிந்திருந்தது. ஷெட்டைக் காப்பாற்றுங்கள் என்று அவள் கேட்கவில்லை.

"மூடுறதுன்னா முன்னாடியே சொல்லிருங்க மேடம். வெட்டு தொடங்குற அன்னிக்கு வந்து சொல்லாதீக. எங்க பொம்பளைக அதுக்குள்ள வேற எடமாச்சும் பாத்துக்கிருவாக."

சரி என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டங்களுக்குப் போனேன். ராஜாத்தியை உடன் வர வேண்டாம் என்றேன். அவள் நின்றால் ஆட்கள் மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.

முதல் தோட்டம் முருகேசன் என்பவருடையது. பந்தல் முழுக்கக் காய்த்திருந்தது. பச்சைக் குலைகள் தலையில் இடிக்கிற அளவுக்குத் தொங்கின. திருப்தி மதிப்பெண்ணுக்காகப் பிரவீனின் ஆட்கள் உறுப்பினர்களிடம் கேட்ட அதே கேள்விகளை நானும் கேட்டேன். ஷெட்டில் எடை எப்படி, தரம் பிரிப்பது எப்படி, ராஜாத்தி நடத்துவது எப்படி. மனிதர் எல்லாவற்றுக்கும் ஏதோ இருக்கு, ஏதோ நடக்குது என்றார். காய்ப்பு அமோகமாக இருக்கிறதே என்று பேச்சுக்குச் சொன்னேன். அவர் முகம் சட்டென்று மாறியது. அப்படி ஒன்றும் இல்லை, பூச்சி விழுந்திருக்கு, நிற்குமோ நிற்காதோ என்றார். எனக்குப் பூச்சி எதுவும் தெரியவில்லை. அடுத்த தோட்டத்திலும் இதே கதைதான். பிரவீன் சொன்னது சரிதான் போல என்று மனம் சோர்ந்துவிட்டது.

திரும்பும்போது முருகேசன் ஜீப் வரைக்கும் வந்தார். விருந்தாளியை வழியனுப்பாமல் விடுகிற பழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. பந்தலைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, ரோட்டுக்கு வந்தோம். ஜீப்பில் சாய்ந்து நின்றவர், நான் எதுவும் கேட்காமலே ராஜாத்தியைப் பற்றி ஆரம்பித்தார்.

"அந்தப் பிள்ள இல்லேன்னா போன வருசம் எம் பழம் பூராம் அழுகியிருக்கும்த்தா. லாரி வரலேன்னா விடியுமுன்ன போன் போட்டுருவா, அண்ணே இன்னிக்கு வெட்டாதீக, நாளைக்கு வெட்டுங்கன்னு. தெனமும், ஒவ்வொரு வீட்டுக்கும். கொடியில கெடந்தா நிக்கும், வெட்டி வச்சா உதுந்துரும்ல. எந்த யாவாரி இப்படிச் சொல்லியிருக்கான்?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இதைத் தோட்டத்தில் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பந்தல் பக்கம் கையைக் காட்டினார். அந்த விவசாயிகளுக்கு அது விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை.

ஜீப் சின்னமனூரைத் தாண்டுவதற்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. எங்கள் அப்பா கல்லாவில் இருக்கும்போது யார் வந்து வியாபாரம் எப்படி என்று கேட்டாலும், ஏதோ ஓடுது என்றுதான் சொல்வார். வாசலில் ஆள் வரிசையில் நின்றாலும் அதே பதில்தான். கடை சாத்தி வீட்டுக்கு வந்து கால் கழுவிய பிறகுதான் அம்மாவிடம் இன்று நல்ல ஓட்டம் என்பார். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற குடும்பம், கண் படும் என்று வாயால் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பயம் எங்களுக்கும் இருந்தது. கடைக்காரருக்கே அப்படி என்றால், ஒரு வருட உழைப்பு தலைக்கு மேல் தொங்கும்போது அதற்குக் கீழே நின்று நல்லா இருக்கு என்று எந்த விவசாயி சொல்வார்? எதைப் பற்றிக் கேட்டாலும் சொல்ல மாட்டார். விலையை, எடையை, ஷெட்டை, எதையும் புகழ மாட்டார்.

பிரவீனுக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டேன். உறுப்பினர்களை எங்கே வைத்து விசாரித்தீர்கள்? கூடலூரில் ஷெட்டுக்கு வந்தவர்களை முற்றத்திலேயே பிடித்துக் கேட்டார்களாம், பழத்தை இறக்கிவிட்டு எடைச் சீட்டோடு நிற்கிறவர்களை. ஓடைப்பட்டியில் ஷெட் பூட்டியிருந்ததால் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார்களாம். சிரமப்பட்டு வெயிலில் அலைந்தோம் மேடம் என்றார். பாவம், அந்தச் சிரமம்தான் வினையாகிவிட்டது.

இப்போது எனக்கு ஒரு காரணம் இருந்தது, ஆதாரம் இல்லை. எங்கள் நிறுவனத் தலைவர் கூடலூர்க்காரர், பன்னீர் திராட்சை விவசாயி, பேச்சில் கறார். கூட்டத்தில் போய் விவசாயிகளின் கண்ணேறு பயத்தால் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று சொன்னால், ஓடைப்பட்டி மேல் பாசத்தில் கதை கட்டுகிறேன் என்பார்கள். அலுவலகத்துக்கு வந்து பிரவீன் வைத்திருந்த விசாரிப்புத் தாள்களைப் புரட்டினேன். கூடலூர் உறுப்பினர்களில் தலைவரும் இருந்தார். ஷெட் முற்றத்தில் பதில் சொல்லியிருந்தார். எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து.

மறுநாள் காலையில் அவர் தோட்டத்துக்கே போனேன். தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். கருப்புக் குலைகள் வெட்டுக்குத் தயாராக இருந்தன.

"என்னத்தா, விடிஞ்சதும் விடியாததுமா பேப்பருங் கையுமா வந்திருக்கீக?"

ஒரு சின்ன வேலை தலைவரே, கையெழுத்துப் போடும் முன்னால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன் என்றேன். பொய் இல்லை. கேள்விகளை வாசித்தேன். கூடலூர் ஷெட்டில் எடை சரியாகப் போடுகிறார்களா என்றேன். ஏதோ போடுறாக என்றார். விலை எப்படி என்றேன். இருக்கு என்றார். தரம் பிரிப்பது? நடக்குது. கடைசியாக, மொத்தத்தில் ஷெட் உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டேன். மனிதர் தலையை நிமிர்த்திக் குலைகளை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏதோ ஓடுதுத்தா. அம்புட்டுத்தான்."

அவர் முன்னாலேயே அந்தப் பதில்களுக்கு மதிப்பெண் போட்டேன். இரண்டு வந்தது. பக்கத்தில் அவருடைய பழைய தாளை வைத்தேன். ஆள் அவர்தான், ஷெட்டும் அதே ஷெட்தான். முற்றத்தில் ஐந்து, பந்தலுக்கு அடியில் இரண்டு. ஓடைப்பட்டிக்காரர்களை எல்லாம் பந்தலுக்கு அடியில் வைத்துத்தான் கேட்டிருக்கிறார்கள் தலைவரே, இந்தக் கணக்குப்படி கூடலூரையும் மூட வேண்டியதுதான் என்றேன்.

அவர் இரண்டு தாளையும் வாங்கி மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். என் வேலைக்கு ஆபத்து வந்தாலும் வரட்டும் என்று துணிந்துதான் போயிருந்தேன்.

"பழம் தலைக்கு மேல தொங்குது. இங்கன நின்னுகிட்டு நல்லாருக்குன்னு எவன்த்தா சொல்லுவான்?" என்றார். பிறகு தாள்களை மடித்து அவரே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலைக் கூட்டத்தில் நான் பேச வேண்டிய தேவையே வரவில்லை. தலைவரே எழுந்து, காலையில் தோட்டத்தில் நடந்ததைச் சொன்னார். இயக்குநர்கள் எல்லோரும் விவசாயிகள், ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிரவீன் திருப்திக் கையை அங்கேயே படத்திலிருந்து எடுத்துவிட்டார். கேள்வியை எழுதினேன், கேட்ட இடத்தை எழுதாமல் விட்டுவிட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். தன் வேலையில் குறை என்று தெரிந்ததும் மழுப்பாமல் சொல்கிற ஆட்கள் எனக்கு எப்போதும் பிடிக்கும். வெட்டு முடியட்டும், எல்லா ஊரிலும் அந்தந்த வெட்டின் கடைசி லோடு போன பிறகு முற்றத்தில் வைத்து மறுபடி கேட்போம், அதுவரை எந்த ஷெட்டையும் மூடுவதில்லை என்று முடிவானது. ராஜாத்திக்கு நானே போன் செய்து, பெண்களை இந்த வெட்டுக்கு வரச் சொல் என்றேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால், நான் கெட்டிக்காரி என்று சொல்வதற்காக எழுதினேன் என்று நீங்கள் நினைக்கலாம். முடியவில்லை.

வெட்டு முடிந்ததும் மறுபடி விசாரித்தோம். இந்த முறை நான் பிரவீனிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். மூன்று கையை ஒன்றாக்கியதில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, அதில் என்ன வைக்கலாம் என்று நாம் தீர்மானிக்க வேண்டாம், பழம் கொண்டுவருகிறவர்களையே கேட்போம். ஒரு ஷெட்டை நல்ல ஷெட் என்று எதை வைத்துச் சொல்வீர்கள் என்று ஊர் ஊராகக் கேட்டோம். இரண்டு பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. எடையில் நம்பிக்கை இருக்க வேண்டும். லாரி சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். அவை இரண்டும் கைகள் ஆயின.

புதிய படம் வந்தது. ஓடைப்பட்டியில் திருப்தி, எடை, கழிவு எல்லாம் விளிம்பைத் தொட்டன. ஒரே வெட்டு ஊர் என்பதால் வரத்து எப்போதும்போல் குட்டை, ஆனால் அதைவிட ஒரு கை நடுவோடே ஒட்டிக் கிடந்தது, லாரி வரும் நேரம். மற்ற ஷெட்டுகளிலும் அந்தக் கை குட்டைதான். ஓடைப்பட்டியில் படுபாதாளம்.

லாரியை அனுப்புவது ஷெட் இல்லை, கம்பத்தில் இருக்கிற எங்கள் அலுவலகம். தூரத்து ஷெட், வருடத்தில் கொஞ்ச காலம் மட்டுமே திறக்கிற ஷெட் என்று ஓடைப்பட்டியை எப்போதும் கடைசியில் வைத்தோம். லாரி வராத அன்றெல்லாம் ராஜாத்தி விடியும் முன்னால் வீடு வீடாகப் போன் போட்டு, பழத்தைக் கொடியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறாள். எங்கள் குறையை அவள் தன் தூக்கத்தைக் கொடுத்து மூடி வைத்ததால்தான் கழிவு குறைந்து, அந்தக் கை நீண்டு, எங்கள் குறை எந்த அறிக்கையிலும் தெரியாமல் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. முதல் படத்தில் லாரிகளை எண்ணியிருந்தோம், அவை நேரத்துக்கு வந்தனவா என்ற கையே இல்லை. இல்லாத கையை யார் தேடுவார்கள்? ஒரு படம் உங்களிடம் வந்தால் இருக்கிற கைகளைச் சரிபாருங்கள். பிறகு, எது இல்லை, அது இல்லாமல் போனதால் யாருக்கு வசதி என்று பாருங்கள்.

இந்த முறை உறுப்பினர்களையும் அழைத்திருந்தோம், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் தலைவர் அறிக்கையை வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது. இதை அப்படியே வைத்தால் உறுப்பினர்கள் எல்லோரும் ஆபீசைத் திட்டுவார்கள், வெளியூர் வியாபாரிகள் காதுக்கும் போகும், லாரிக் கையை மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற கவலைதான் அவருக்கு. பிரவீன் என்னைப் பார்த்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே நான் கேட்டேன்.

"ஓடைப்பட்டியில பள்ளம் தெரிஞ்சப்ப ஷெட்டையே மூடிரலாம்னோம். இப்ப பள்ளம் நம்ம பக்கம் தெரியுது. ஆபீசை மூடிரலாமா தலைவரே?"

அவர் அறிக்கையை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கையெழுத்தப் போடுங்கத்தா. அந்தப் பிள்ளையையும் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்க. நாம திட்டு வாங்கும்போது அவளும் இருக்கணும்ல."

ராஜாத்தி வந்து இயக்குநர்களோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உறுப்பினர்கள் எங்களைத் திட்டி முடிக்க மாலையாகிவிட்டது.